ஏழாம் பாகத்தில் சண்டை இல்லை

முதலில் செய்தி, பிறகு வணக்கம். நிருபராக இருந்து வந்த பழக்கம்.

'மேகநாடு' நாவல் தொடரின் கடைசியான ஏழாம் பாகம் முழுமையாக இருக்கிறது. அதில் யாரும் ஒரு வரி கூடச் சேர்க்கப்போவதில்லை. அக்பர் அலி அவர்கள் எழுதியது எழுதியபடியே அச்சுக்குப் போகிறது. இதைச் சொன்னவர் அந்தத் தொடரின் பதிப்பாசிரியர் கலையரசன். இன்று காலை இந்த மண்டபத்து வாசலில் நின்று என்னிடம் நேரில் சொன்னார். "உங்கள் பெயரைச் சொல்லியே அறிவிக்கலாமா?" என்று கேட்டேன். "தாராளமாக" என்றார். அதே அறிவிப்பு பதிப்பகத்தின் இணையப் பக்கத்திலும் வந்துவிட்டது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கின்றன.

இப்போது வணக்கம். தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் தேவதர்ஷினி அவர்களே! அக்பர் அலி அவர்களின் துணைவியார் ரசூல் பீவி அம்மா அவர்களே! மகள் அஸ்ரின் அவர்களே! சென்னையிலிருந்து வந்திருக்கும் கலையரசன் அவர்களே! இன்று கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் தியாகதுருகம் வியாபாரிகளே! வெள்ளிமலையிலிருந்து ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கி வந்திருக்கும் உறவுகளே! எல்லோருக்கும் என் வணக்கம்.

இரங்கல் கூட்டத்துக்கு வந்தவர்கள் முகத்தில் இவ்வளவு நிம்மதி இருக்கலாமா என்று யாராவது கேட்கக்கூடும். இருக்கலாம். அக்பர் அலி அவர்கள் மறைந்தது தை மாதம். இன்று ஆனி. இத்தனை நாள் ஏன் இந்தக் கூட்டம் நடக்கவில்லை? நடத்த வேண்டாம் என்று தடுத்தவர் அஸ்ரின்தான். "எங்க அத்தா வேலைய முடிச்சிட்டுப் போனாரா, பாதியில வுட்டுட்டுப் போனாரான்னு எனக்கே தெரியல. அது தெரியாம மேடையில குந்திக்கினு நான் இன்னாத்தக் கேக்கறது?" என்றார். அவர் கேட்டது நியாயம். இன்று தெரிந்துவிட்டது. அதனால்தான் கூடியிருக்கிறோம். அதனால்தான் இந்த நிம்மதி.

அக்பர் அலி யார்? தொடரைப் படிக்காதவர்களும் இங்கே இருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். தியாகதுருகம் கடைவீதியில் கயிறும் தார்ப்பாயும் விற்றவர். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு வேண்டுமா, நெல் காயவைக்கத் தார்ப்பாய் வேண்டுமா, அவர் கடைக்குத்தான் போவோம். சரக்கு கட்டிக் கொடுக்கப் பழைய காகிதம் மூட்டை மூட்டையாக வரும். அந்த மூட்டைகளில் சில நாள் தலையணை அளவு புத்தகங்கள் இருக்கும். ஃபேன்டஸி நாவல்கள். ராஜ்ஜியங்கள், மந்திரவாதிகள், பறக்கும் பாம்புகள், ஏழெட்டுப் பாகங்கள் ஓடும் கதைகள். அதைக் கிழித்துப் பொட்டலம் கட்ட மனம் வராமல் படிக்க ஆரம்பித்தவர் அவர்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. எந்தத் தொடரிலும் எல்லாப் பாகமும் மூட்டையில் வராது. மூன்றாம் பாகம் இருந்தால் முதல் பாகம் இருக்காது. ஐந்தாம் பாகம் கிடைத்தால் கடைசிப் பாகம் கிடைக்காது. ஆனாலும் அவர் விடவில்லை. கிடைத்ததை வைத்துக் கிடைக்காததைச் சொல்லப் பழகினார். "இந்தப் பையன் மாடு மேய்க்கிறவன் மாதிரி இருக்கான். ஆனா ராஜா மவன். மொத பாகத்துலயே தோள்ல மச்சம் இருந்திருக்கும்" என்பார். "ஒரு தாடிக்காரத் தாத்தா இவனுக்கு எல்லாம் சொல்லிக் குடுத்திருப்பாரு. குடுத்த கையோட செத்திருப்பாரு" என்பார். பல மாதம் கழித்து முதல் பாகம் வேறொரு மூட்டையில் வரும். பிரித்துப் பார்த்தால் மச்சம் இருக்கும்! தாத்தா செத்திருப்பார்!

இதைப் பார்த்து அவர் சிரித்ததுண்டு. ஏளனமாக அல்ல. "எல்லாக் கல்யாணத்துலயும் தாலி கட்றாங்க. அதுக்காகக் கல்யாணத்துக்குப் போவாம இருக்கோமா?" என்பார். மறைந்து வளரும் வாரிசு, அறிவு சொல்லும் கிழவர், கூடவே வந்து உயிரைக் கொடுக்கும் தோழன், கோட்டைக்குள் உட்கார்ந்திருக்கும் இருட்டு ராஜா, முன்கூட்டியே எழுதிவைத்த குறி, முதல் பக்கத்தில் ஒரு வரைபடம், கடைசிப் பாகத்தில் ஒரு பெரும் போர். இவை இல்லாமல் அந்தக் கதைகள் இல்லை. அக்பர் அலி இவற்றில் ஒன்றையும் தூக்கி எறியவில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து நம்ம ஊர் வெயிலில் வைத்துப் பார்த்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. ஆனால் அது எவ்வளவு பெரிய வேலை!

அந்த வேலை நடந்த இடம் எது? அவருடைய கடை அல்ல. கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப். சந்தை நாளில் கயிறும் தார்ப்பாயும் ஏற்றிக்கொண்டு மேலே போவார். மலைப்பாதை முழுக்க அன்றைக்கு எழுதப்போகிற அத்தியாயத்தைச் சொல்லிக்கொண்டே போவார். ஜீப்பில் சொல்லி, அங்கே அடிபட்டுப் பிழைத்த அத்தியாயத்தைத்தான் காகிதத்தில் எழுதுவார். ஜீப்பை ஓட்டியவர் முனியன். எப்போதும் நடுச் சீட்டில் இருப்பவர் இருசம்மாள். கூலி வேலைக்குக் கீழே வந்துவிட்டு மேலே திரும்புகிறவர். இருவரும் முன் வரிசையில் இருக்கிறார்கள். அந்த ஜீப்பில் நானும் சில முறை போயிருக்கிறேன். கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

"பாய், அந்தத் தாத்தா எப்போ சாவாரு?" என்றார் இருசம்மாள்.

"எந்தத் தாத்தா?"

"தாடி வெச்சிக்கினு, எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசிக்கினு இருக்காரே, அவருதான். அவரு பேச்சைக் கேட்டாலே தெரியுது, ரொம்ப நாளு தாங்க மாட்டாருன்னு."

ஜீப்பே சிரித்தது. அக்பர் அலியும் சிரித்தார். அடுத்த வாரம் அந்தத் தாத்தா கதையிலேயே இல்லை. அவர் இடத்தில் அமிர்தம் என்று ஒரு ஆடு மேய்க்கும் கிழவி வந்தாள். எல்லாம் தெரிந்தவள்தான். எதிரி வாளோடு வந்து நிற்கும்போது, "நான் செத்துட்டா ஆட்ட யாரு ஓட்டிக்கினு போறது?" என்று கேட்கிறவள். மேகநாடு வாசகர்களுக்குத் தெரியும், வெளிவந்த ஆறு பாகத்திலும் அவள் சாகவே இல்லை.

இன்னொரு நாள் இருசம்மாளின் கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"கோட்டைக்குள்ள இருட்டுலயே குந்திக்கினு கெடக்கறானே அந்த இருட்கோன், அவனுக்கு யாரு சோறு ஆக்கிப் போடறது?"

"அவன் மந்திரம் தெரிஞ்சவன்மா" என்றார் அக்பர் அலி.

"மந்திரம் தெரிஞ்சா பசிக்காதா? இன்னா பாய் நீங்க!"

அன்று அக்பர் அலி வெள்ளிமலை வரும்வரை யோசனையிலேயே இருந்தார். மூன்றாம் பாகத்தில் இருட்கோனின் சமையல்காரி சொல்வதாக ஓர் அத்தியாயம் வருகிறதே, படித்தவர்கள் தலையசைக்கிறீர்கள், அது அப்படிப் பிறந்தது. உலகத்தையே நடுங்கவைக்கிறவன் குழம்பில் உப்பு கம்மி என்று சொல்லத் தயங்கி நிற்கும் அத்தியாயம்!

வாரிசு மட்டும் குறைவா? அவருடைய வாரிசு எழில்மதி மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்கிற பெண். குறி சொன்னவர்கள் குதிரையில் வந்து, "நீதான் ராணி, புறப்படு" என்கிறார்கள். அவள் நிமிர்ந்து பார்த்து, "இந்த வரிசை முடியட்டும், நில்லுங்க" என்கிறாள். முடிவில் அந்தக் குதிரை வீரர்களும் இறங்கி அவளோடு சேர்ந்து கிழங்கு பிடுங்குகிறார்கள். வரைபடமும் அப்படித்தான். ஓவியர் ஆகாஷ் வரைந்தது. மற்ற புத்தகங்களில் காதம், யோசனை என்று தூரம் போட்டிருக்கும். மேகநாட்டு வரைபடத்தில் இரண்டே வகைப் பாதைதான். வண்டி போகும் பாதை, வண்டி போகாத பாதை. மலையில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

இனி முனியன் கதைக்கு வருகிறேன். அவர் இங்கே இருப்பதால் பார்த்துத்தான் பேச வேண்டும். எழில்மதியின் தோழனுக்கு அக்பர் அலி இவர் பெயரையே வைத்தார். முதல் நான்கு பாகம் வரை முனியனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஐந்தாம் பாகம் வந்தபோது அவருக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"பாய், இந்த மாதிரிக் கதையில கூட்டாளிக்காரன் கடைசியில இன்னா ஆவான்?"

"அது கதையப் பொறுத்தது முனியா."

"எல்லாக் கதையிலயும் இன்னா ஆவான்னு கேக்கறேன்."

அக்பர் அலி தார்ப்பாய் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். ஆறாம் பாகத்தின் முடிவில், போருக்கு முந்திய இரவில், பாலத்தைத் தனி ஆளாகக் காத்து நின்று முனியன் விழுந்தான். புத்தகம் வந்த வாரம் ஜீப்பில் ஏறியவர்கள் எல்லாம், "செத்தவன் ஓட்டற வண்டியில எப்பிடிப்பா ஏறிக்கினு போறது?" என்று கேட்டார்கள். முனியனின் மனைவி தியாகதுருகம் கடைக்கே வந்துவிட்டார். "எங்க வூட்டுக்காரரு உங்களுக்கு இன்னா கொற வெச்சாரு பாய்?" என்று கடை வாசலில் நின்று கேட்டார். அக்பர் அலி அவருக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, "இன்னும் ஒரு பாகம் இருக்குதும்மா" என்று மட்டும் சொன்னார்.

இன்னும் ஒரு பாகம். எத்தனை வாசகர்கள் அந்த ஒரு பாகத்துக்குக் காத்திருந்தார்கள்! ஆறு பாகங்களாக வரும் வரும் என்று சொல்லப்பட்ட பெரும் போர் அதில்தான் நடக்க வேண்டும். இருட்கோன் அதில்தான் வீழ வேண்டும். அந்தப் பாகத்தை எழுதி, கட்டுக் கட்டாகப் பதிப்பகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோதுதான், தை மாதத்து மதியம் ஒன்றில், கடையிலேயே அவருக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நாளைப் பற்றி இவ்வளவு போதும்.

குழப்பம் எப்படி வந்தது என்பதைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஊரில் பல விதமாகப் பேசினார்கள். கலையரசன் மீது கோபப்பட்டார்கள். அது தவறு. அக்பர் அலி அவர்களுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, கட்டுகளை வரிசையாக அனுப்ப மாட்டார். எது ஜீப்பில் தேறியதோ அது முதலில் போகும். பத்தாம் அத்தியாயம் வந்து பல நாள் கழித்து இரண்டாம் அத்தியாயம் வரும், அதிலும் எண் போட்டிருக்காது. இன்னொன்று, 'முற்றும்' என்று அவர் எழுதியதே கிடையாது. கடைசிக் கட்டு போய்ச் சேர்ந்ததும் கலையரசனுக்குப் போன் செய்து, "தம்பி, அவ்ளோதான்" என்பார். ஆறு பாகத்துக்கும் அந்தப் போன் போயிருக்கிறது. ஏழாம் பாகத்துக்குப் போகவில்லை. கட்டு போய்ச் சேர்வதற்குள் அவர் போய்விட்டார்.

கலையரசன் கையில் இருந்த கட்டுகளை அடுக்கிப் பார்த்தார். போர் முடிந்த சாயங்காலத்தில் ஆரம்பிக்கிறது. அதன் பிறகு நடப்பதெல்லாம் இருக்கிறது. போர் இல்லை! ஒரு வெட்டு இல்லை, ஒரு குத்து இல்லை. இருட்கோன் எப்படி விழுந்தான் என்பதும் இல்லை. இருபது ஆண்டுகளாக இந்த வகைக் கதைகளையே படித்தும் பதிப்பித்தும் வருகிற ஒருவர் என்ன நினைப்பார்? போர் அத்தியாயங்களை அக்பர் அலி கடைசியாக அனுப்ப வைத்திருந்தார், எழுதுவதற்குள் இறந்துவிட்டார் என்றுதானே நினைப்பார்? கலையரசனும் அதைத்தான் நினைத்தார். ஏழாம் பாகம் முடிவுபெறவில்லை என்று பதிப்பகம் அறிவித்தது. வேறோர் எழுத்தாளரைக் கொண்டு போரை மட்டும் எழுதிச் சேர்க்கலாம் என்று அஸ்ரினிடம் சம்மதம் கேட்டது. சித்திரை முடிவதற்குள் பதில் வேண்டும் என்றது.

அஸ்ரினின் நிலைமையை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். கடையை இப்போது அவர்தான் நடத்துகிறார். ஒரு பக்கம் தாயைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொரு பக்கம் இந்தக் கேள்வி. சம்மதித்தால் அப்பாவின் கதைக்குள் யாரோ ஒருவர் புகுந்து வாள் வீசுவார். மறுத்தால், ஒருவேளை போர் அத்தியாயங்கள் உண்மையிலேயே எழுதப்படாமல் போயிருந்தால், அப்பாவின் கடைசிப் புத்தகம் ஊனமாக வெளியே போகும். எது சரி? யாரைக் கேட்பது? சொல்லக்கூடிய ஒரே ஆள் இல்லையே!

ஜீப்பில் போய்க் கேட்டார். மறைவதற்கு முந்தைய சந்தை நாட்களில் அத்தா என்ன சொன்னார் என்று விசாரித்தார். இருசம்மாள் சொன்னார்: "சண்டைய மட்டும் சொல்லவே இல்ல கண்ணு. கேட்டதுக்கு, அது அங்க நடந்துக்கினு இருக்கட்டும்னாரு." இதைக் கலையரசனிடம் போனில் சொன்னபோது, "சொல்லவில்லை என்றால் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார் என்றும் பொருள் கொள்ளலாம் அல்லவா?" என்று அவர் கேட்டார். அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தால் ஒரு நிருபர் என்ன எழுதுவான்? இரண்டையும் எழுதிவிட்டுக் காத்திருப்பான். நானும் காத்திருந்தேன்.

சித்திரை கடைசி வாரம். கலையரசன் சம்மதம் கேட்க நேரிலேயே வந்தார். அன்றைக்குத் தியாகதுருகத்துக்குப் பக்கத்து ஊரில் அம்மன் கோயில் படுகளம். அந்த ஊர்த் திருவிழாவுக்குப் பந்தல் கயிறும் தார்ப்பாயும் வருடா வருடம் அக்பர் அலி கடையிலிருந்துதான் போகும். இந்த வருடம் அஸ்ரின் அனுப்பியிருந்தார். பந்தல் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போக வேண்டியிருந்தது. "பேச வேண்டியத அங்கயே பேசிக்கலாம், வாங்க சார்" என்று கலையரசனையும் அழைத்தார். செய்திக்காக நானும் போயிருந்தேன்.

படுகளம் பார்க்காதவர்கள் இந்த அரங்கில் இருக்க மாட்டார்கள். பல நாள் கூத்து நடந்து, கடைசி நாள் பகலில் கூத்தும் சாமியும் ஒன்றாகிற இடம் அது. மண்ணால் செய்த எதிரியின் பெரிய உருவம் தரையில் மல்லாந்து கிடக்கும். சண்டை முடிந்து, விழுந்தவர்களாக நேர்ந்துகொண்ட ஆண்கள் வரிசையாகப் படுத்துக் கிடப்பார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் பக்கத்தில் நிற்பார்கள். பிறகு பூசாரி தண்ணீர் தெளித்து ஒவ்வொருவராக எழுப்புவார். அது முடிந்தால்தான் விழா முடிந்ததாகக் கணக்கு. பிறகு அந்த உருவத்து மண்ணை ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு போய் வயலில் போடுவார்கள். கிடந்தவர்களைக் கிடந்தபடி விட்டுவிட்டு யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சண்டை முடிந்திருந்தது. கலையரசன் அதற்காக வருத்தப்பட்டார். அப்போது செங்கல் சூளையில் வேலை முடித்துவிட்டு பழனி என்கிற ஒருவர் கூட்டத்துக்குள் ஓடிவந்தார். உடம்பெல்லாம் செம்மண் தூசி. எங்கள் முன்னால் நின்றிருந்த பெரியநாயகி அக்காவிடம் மூச்சு வாங்கக் கேட்டார்.

"இன்னாச்சிக்கா? முடிஞ்சிச்சா?"

"சண்ட எப்பவோ முடிஞ்சிச்சி. எழுப்பறதுதான் பாக்கி."

"அப்பாடா! பொழச்சேன்" என்று பழனி தரையில் உட்கார்ந்துவிட்டார்.

நான் கலையரசனைப் பார்த்தேன். அவர் முகம் மாறியிருந்தது. "அந்த அம்மா இப்ப என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். அஸ்ரின் திரும்பச் சொன்னார். கலையரசன் தம் போனை எடுத்து ஏழாம் பாகத்தின் முதல் பக்கத்தைத் திறந்து எங்களிடம் காட்டினார். அதன் முதல் வரி இது: "சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. எழுப்புவதுதான் பாக்கி."

அதை ஏதோ நடு அத்தியாயத்தின் வரி என்று அத்தனை மாதமும் நினைத்திருந்தார் அவர்.

பெரியநாயகி அக்கா எங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினார். அஸ்ரினை அடையாளம் கண்டுகொண்டார். "நீ பாய் மவளா? உங்க அத்தா வருசா வருசம் இதே கேள்விதாம்மா கேப்பாரு. கடைய மூடிட்டு, கயிறுக்குக் கணக்கு கேக்கற மாதிரி, மெதுவா வருவாரு. ஒரு வருசமாவது சண்டையப் பார்த்தாரா அந்த மனுசன்? நான்தான் வருசா வருசம் இதயே சொல்லிக்கினு இருப்பேன். 'அப்பாடா, வந்த வேல ஆச்சி'ம்பாரு. கடைசி ஆளு எழுந்திருக்கற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் போவாரு."

நண்பர்களே! இவ்வளவுதான் நடந்தது. எந்த மாயமும் நடக்கவில்லை. தம் வாழ்நாள் முழுக்கச் சண்டைக்குப் பிந்தி வந்து சேர்ந்த ஒருவர், சண்டைக்குப் பிந்திய கதையை எழுதியிருக்கிறார். கடையை அடைத்துவிட்டு வருவதற்குள் போர் முடிந்துவிடும். அதை அவர் ஒரு நாளும் குறையாக நினைக்கவில்லை. அவர் பார்க்க வந்தது விழுந்தவர்கள் எழுவதை. மற்றவர்கள் கடைசிப் பாகத்தில் போரை வைத்தார்கள். அக்பர் அலி அதை இரண்டு பாகங்களுக்கு நடுவே இருக்கிற வெற்று இடத்தில் வைத்துவிட்டார். ஆறாம் பாகம் போருக்கு முந்திய இரவில் முடிகிறது. ஏழாம் பாகம் போருக்குப் பிந்திய சாயங்காலத்தில் ஆரம்பிக்கிறது. அந்த ஒரு பகலில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதா? ஆறு பாகம் படித்தவர்களுக்கு, கிடைக்காத பாகத்தை ஊகிக்கத் தெரியாதா?

அன்றைக்குக் கடைசி ஆள் எழுகிற வரையில் கலையரசன் அங்கே நின்றார். பிறகு, பையில் இருந்த சம்மதப் பத்திரத்தை எடுத்து அஸ்ரினிடம் நீட்டினார். "இது இனிமேல் வேண்டாம். நீங்களே கிழித்துவிடுங்கள்" என்றார். அஸ்ரின் என்ன சொன்னார் தெரியுமா? "எதுக்கு சார் கிழிக்கணும்? பின்னாடி வெள்ளையாத்தானே இருக்குது. கடையில பொட்டலம் கட்டலாம்."

ரசூல் பீவி அம்மா சிரிக்கிறார்கள். இந்தக் கூட்டத்தில் அவர்கள் சிரிப்பதைப் பார்க்கத்தான் இத்தனை மாதம் காத்திருந்தோம்.

அதன்பின் பதிப்பகம் கட்டுகளை மறுபடியும் முதலிலிருந்து படித்து, அத்தியாயத்துக்கு அத்தியாயம் தொடர்ச்சியைச் சரிபார்த்தது. ஒரு கண்ணியும் விடுபடவில்லை. அதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதனால்தான் அறிவிப்பு இன்றைக்கு வருகிறது. அவசரப்பட்டு அன்றைக்கே அறிவிக்காமல் சரிபார்த்த பிறகு அறிவித்ததற்காகவும் கலையரசன் அவர்களுக்கு நன்றி சொல்கிறேன்.

அஸ்ரினின் அனுமதியோடு ஏழாம் பாகத்திலிருந்து ஒரே ஒரு தகவலைச் சொல்கிறேன். முனியனின் மனைவி கேட்டுக்கொண்டதால் இந்த விதிவிலக்கு. பாலத்தில் விழுந்த முனியனை அமிர்தம் பெயர் சொல்லி எழுப்புகிறாள். அவன் எழுந்து கேட்கிற முதல் கேள்வி, "யாரு என் வண்டிய எடுத்தது?" என்பது. கைதட்டுங்கள்! முனியன் எழுந்து நின்று கும்பிடுகிறார் பாருங்கள். இனி யாரும் அந்த ஜீப்பில் ஏறத் தயங்க வேண்டியதில்லை.

கதையாசிரியர் அக்பர் அலி அவர்களே! உங்களை எப்படிப் புகழ்வது? பெரிய சொற்கள் உங்களுக்குப் பிடிக்காது. பட்டம் கொடுத்தால், அதைக் கட்டிக் கொடுக்கக் கயிறு எத்தனை முழம் என்று கேட்கிறவர் நீங்கள். ராணியைக் கிழங்கு பிடுங்க வைத்தீர்கள். இருட்டு ராஜாவுக்கு உப்பு கம்மியாக்கினீர்கள். தூரதேசத்துக் கதையின் சட்டதிட்டங்களை எல்லாம் கற்றுக்கொண்டு, அவற்றை ஒரு ஜீப் நிறையக் கூலிக்காரர்களிடம் கொடுத்துச் சரிபார்த்தீர்கள். இதைவிட மரியாதையாக ஒரு வாசகரை யார் நடத்தியிருக்கிறார்கள்? உங்களை இழந்த துக்கம் இந்த அரங்கில் எல்லோருக்கும் இருக்கிறது. ஆனால் வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள் என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

நாம் என்ன செய்யப்போகிறோம்? வாசகர் வட்டத்தின் சார்பில் தலைவர் என்னைச் சொல்லச் சொன்னவை இவை. மேகநாடு பாகங்கள் ஏழும் மலைப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும். எழுத வருகிற புதியவர்கள் அச்சுக்குப் போகுமுன் தங்கள் கதையை வெள்ளிமலை ஜீப்பில் சொல்லிப் பார்க்க முனியன் இடம் கொடுப்பார். நடுச் சீட்டு இருசம்மாளுக்கே. கேள்வி கேட்கும் உரிமையும் அவருக்கே.

இனி, நிலுவையில் இருப்பவை. இரண்டாம் மெய்ப்பு அஸ்ரினிடம் இருக்கிறது. ஆடி பிறப்பதற்குள் திருப்பி அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். ஏழாம் பாகத்துக்கான வரைபடத்தை ஆகாஷ் இன்னும் முடிக்கவில்லை. ஆடி நடுவில் தருவதாக உறுதி சொல்கிறார். அச்சகத் தேதி ஆடிக் கடைசி. வெளியீடு ஆவணி முதல் ஞாயிறு, தியாகதுருகத்தில். இதைக் கலையரசன் உறுதிப்படுத்தியிருக்கிறார்.

இன்னொன்றும் நிலுவையில் இருக்கிறது. காலையிலிருந்து என்னை வழிமறித்து நீங்கள் எல்லோரும் கேட்ட கேள்வி. விழுந்து கிடக்கும் இருட்கோன் பக்கத்தில் கடைசி அத்தியாயத்தில் அமிர்தம் போய் நிற்கிறாளாமே, அவனையும் எழுப்புகிறாளா? இல்லை, படுகளத்து மண்ணைப் போல ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு போய் வயலில் போடுகிறார்களா? அஸ்ரினைத் தவிர, மெய்ப்பைப் படித்தவர்கள் இந்த மேடையில் மூன்று பேர் இருக்கிறோம். மூவரும் அஸ்ரினுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். தெரிந்த செய்தியை அன்றைக்கே சொல்லி நாற்பது ஆண்டுகளாகப் பழகியவன் நான். இந்தச் செய்தி மட்டும் அக்பர் அலி அவர்களின் வாயால்தான் வர வேண்டும். ஆவணி முதல் ஞாயிறு வரை பொறுத்திருங்கள்.